சரித்திர நாவலில் வில்லன் ஏன் தூணுக்குப் பின்னால் நின்று சிரிக்கிறான்?

வெள்ளவத்தை வாசகர் | 2 மார்ச், காலை

நேரே விசயத்துக்கு வருகிறேன். சரித்திர நாவல்களில் துரோகி அறிமுகமாகிற அத்தியாயத்திலேயே ஆள் பிடிபட்டுவிடுகிறான். அரசர் முன்னால் குழைகிறான். அரசர் அந்தப்பக்கம் திரும்பியதும் தூணுக்குப் பின்னால் நின்று, மீசையைத் தடவி, தன் திட்டம் முழுவதையும் தனக்குத் தானே ஒப்புவிக்கிறான். நெற்றியில் திருநீறு, நெஞ்சில் நஞ்சு. இப்படி வெளித்தெரிய நடக்கிறவனை அரண்மனையில் ஒருவருக்கும் விளங்கவில்லை என்றால் நம்ப முடியவில்லை.

ஆனாலும் வேறு வழி இல்லை என்பதுதான் என் வாதம். கெட்டவன் யாரென்று வாசகருக்கு உடனே தெரிய வேண்டும். வரலாற்றிலும் துரோகம் பச்சையாகத்தான் நடந்தது: சங்கிலி மன்னனைக் காட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் காக்கை வன்னியன், கண்டி அரசனுக்கு எதிராகப் பிரித்தானியரோடு சேர்ந்த அமைச்சர் எஹெலபொல. ஒளிக்க என்ன இருக்கிறது? கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன 1815 ஐ வைத்து ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

எழுத்தாணி | 2 மார்ச், இரவு

வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பது சரி. வில்லன் வாயாலேயே தெரிய வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன்.

பெரியபுராணத்தில் திருக்கோவலூர் அரசரான மெய்ப்பொருள் நாயனார் கதையை எடுத்து வடிவாகப் பாருங்கள். போரில் திரும்பத் திரும்பத் தோற்ற முத்தநாதன், சிவனடியார் வேடத்தில் திருக்கோவலூர் அரண்மனைக்கு வருகிறான். உடம்பெல்லாம் நீறு, முடித்துக் கட்டிய சடை, கையில் ஏட்டுக்கட்டு, கட்டுக்குள் ஆயுதம். சேக்கிழார் அவனைத் தனியே நின்று கதைக்க விடவே இல்லை. உள்ளே கறுப்பை வைத்திருக்கும் விளக்கு என்று ஒரே பாட்டில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதன் பிறகு வாசல்கள்தான் வருகின்றன. அடியாரை யாரும் தடுக்கக்கூடாது என்பது அந்த அரண்மனையின் ஒழுங்கு, அதனால் காவலர் கும்பிட்டு விடுகிறார்கள். கடைசி வாசலில் காவலன் தத்தன் மட்டும் மறிக்கிறான்: அரசர் துயில்கிறார், சமயம் அறிந்து போக வேண்டும் என்கிறான். நான் அரசனுக்கு ஆகமம் சொல்ல வந்தவன் என்று முத்தநாதன் தாண்டிப் போகிறான். உள்ளே போய் அரசியை விலக்குகிறான், தான் ஆசனத்தில் இருக்கிறான், அரசர் தரையில் இருக்கிறார். ஏட்டைப் பிரிப்பவன் போலக் கட்டை அவிழ்க்கிறான்.

இதில் வாசகருக்கு எல்லாம் தெரியும், தத்தனுக்குச் சந்தேகம் மட்டும் இருக்கிறது, அரசருக்கு ஒன்றும் தெரியாது. இந்த மூன்று படிகளும் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதால்தான் ஒவ்வொரு வாசலும் நெஞ்சைப் பிடிக்கிறது. தனிமொழி எதற்கும் இங்கே வேலை இல்லை.

எழுதுகிறவர் இதிலிருந்து எடுக்க வேண்டிய ஒழுங்கு இதுதான். முதலில் அந்த அரசவை எந்த நற்குணத்துக்குக் கதவு திறக்கும் என்று தீர்மானியுங்கள். வில்லனின் வேடத்தை அந்தக் குணத்திலிருந்தே வெட்டி எடுங்கள். ஆயுதத்தை வேடத்தின் ஒரு பாகத்துக்குள் வையுங்கள். ஏடு இல்லாவிட்டால் அவன் ஆகமம் சொல்ல வந்தவன் இல்லை, அந்த ஏட்டுக்குள்தான் கத்தியும் இருக்கிறது. பிறகு, சந்தேகப்படுகிற ஒருவரைப் படையுங்கள், ஆனால் தடுக்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்க வேண்டாம். சந்தேகப்படுகிறவர் அமைச்சராக இருந்தால் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

எழுத்தாணி | 3 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. முத்தநாதனின் வேடம் ஒரு நாள் வேடம். உங்கள் நாவல் வருடக்கணக்கில் ஓட வேண்டியது. நீண்ட காலப் பாசாங்குக்குச் செலவு உண்டு, ஆட்கள் தேவை, பிடிபடும் இடங்களும் உண்டு.

பழைய அரசியல் நூலான அர்த்தசாஸ்திரத்தின் முதல் அதிகரணத்தில் (பகுதியில்) ஒற்றர் வகைகளைச் சொல்லும் பகுதியில் போலித் தவசி ஒருவனை எப்படி அமைப்பது என்று முறையே இருக்கிறது. மொட்டை அடித்தவனோ சடை வைத்தவனோ, நகரத்துக்குக் கிட்ட நிறையச் சீடர்களோடு இருப்பான். ஊர் பார்க்க மாதத்துக்கு ஒரு தடவை அல்லது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கீரையோ ஒரு பிடி தானியமோ உண்பான். மறைவில் விரும்பியதை உண்பான். வணிகர் வேடத்திலுள்ள ஒற்றர்கள் வந்து அவனைப் பெரிய சித்தர் என்று கொண்டாடுவார்கள். அவன் சொல்லும் ஆரூடங்களை, அது பலிக்கும்படி வேறு ஆட்கள் நடத்தி வைப்பார்கள். எங்கே தீப்பிடிக்கும், யாருக்குப் பரிசு கிடைக்கும் என்று அவன் சொன்னால் அது நடக்கும்.

போலிப் பக்தி ஒரு தனி மனிதனின் முகபாவம் இல்லை என்பது இதில் விளங்கும். அது ஒரு சிறு நிறுவனம். மறைவில் சாப்பாடு கொண்டு போகிற ஆள் ஒருவன் வேண்டும், அவனுக்கு எல்லாம் தெரியும். புகழ் பரப்புகிற வணிகனுக்குக் கூலி தர வேண்டும். ஆரூடத்தைப் பலிக்க வைக்கிறவன் பிந்தினால் சாமியாரின் சொல் பொய்க்கும். உங்கள் கதையில் வில்லன் வெளிப்பட வேண்டிய இடம் இந்த மூன்று மூட்டுகளில் ஒன்று. சாப்பாடு கொண்டு போகிறவனுக்கு ஒரு மாதக் கூலி நிற்கட்டும், அடுத்த அத்தியாயம் தானாக வரும்.

தெகிவளை வாசகி | 3 மார்ச், மாலை

அதெல்லாம் வடமொழி நூல். தமிழ்நாட்டில் போலித் துறவிக்கு அந்தக் காலத்திலேயே எழுத்தில் சான்று உண்டா, இல்லை இது பிற்கால நாவல்காரர் கொண்டுவந்ததா?

எழுத்தாணி | 3 மார்ச், இரவு

அக்கா, காஞ்சியிலேயே உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 7 ஆம் நூற்றாண்டில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் முழுக்க இதுதான். அதுவும் வடமொழி நாடகம், ஆனால் கதை நடப்பது காஞ்சித் தெருவில். குடித்த காபாலிகன் (மண்டையோட்டில் பிச்சை ஏற்கும் சைவத் துறவி) தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்த பிக்கு ஒருவரைக் கள்ளன் என்கிறான். பிக்குவோ தானம் வாங்கிய இறைச்சியையும் மீனையும் பாத்திரத்தில் மூடிக்கொண்டு போகிறார். மதுவையும் பெண்ணையும் அனுமதிக்கும் பகுதி மூல நூலில் இருந்திருக்கும், கிழட்டுப் பிக்குகள்தான் அதை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். கபாலத்தைக் கொண்டு போனது ஒரு நாய்.

அரசரே எழுதியது இது. அந்த நூற்றாண்டின் சாதாரண மக்களுக்குப் பொய்த்துறவியைத் தெரியும், அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆகவே ஏழாம் நூற்றாண்டுக் கதையில் காவி கண்டதும் ஊரே மயங்கி விழுகிறது என்று எழுதினால் அது காலத்துக்குப் பொருந்தாது. காவி மட்டும் போதாது. கல்கியின் சிவகாமியின் சபதத்தில் பிக்கு உடையில் வரும் ஒற்றன் நாகநந்தி நிற்பதற்குக் காரணம் காவி இல்லை. அஜந்தாச் சித்திரத்திலும் சிவகாமியின் ஆடலிலும் அவனுக்குள்ள ஈடுபாடு மெய்யானது. சூழ்ச்சிக்காரனிடம் ஒரு பொருளாவது நிஜமாக இருக்கிறது, சிவகாமியின் தகப்பனான சிற்பி ஆயனர் அதைத்தான் நம்புகிறார்.

எழுத்தாணி | 5 மார்ச்

நாகநந்தியைச் சொன்ன பிறகு இதையே விரித்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. என் எண்ணத்தில் இந்த இழையின் நடு விசயம் இது: தான் போட்ட வேடத்தைப் பாதி நம்புகிறவன்தான் ஆபத்தான வில்லன். முழுப்பொய்யனைக் கொண்டு சிறுகதை எழுதலாம். நாவலின் நீளத்துக்கு அவன் தாங்க மாட்டான்.

சிகிரியாக் கோட்டையைக் கட்டிய காசியப்பனைப் பாருங்கள். இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்லும் கதை: அரசன் தாதுசேனன் தன் மகளைத் தங்கை மகனான சேனாபதி மிகாரனுக்குக் கொடுக்கிறான். மிகாரன் குற்றம் ஒன்றுமில்லாமல் அவளைத் தொடையில் சவுக்கால் அடிக்கிறான். மகளின் உடையில் இரத்தம் கண்ட அரசன், மிகாரனின் தாயை நிர்வாணமாக எரிக்கச் செய்கிறான், அவள் சொந்தத் தங்கை. மிகாரன் போய் அரசனின் மகன் காசியப்பனோடு சேர்கிறான். அரசன் சிறையில், மகன் சிங்காசனத்தில். பிறகு மிகாரன் காசியப்பனின் காதில் திரும்பத் திரும்ப ஒன்றையே ஓதுகிறான்: உன் தகப்பன் செல்வத்தை ஒளித்து வைத்திருக்கிறான், உன் தம்பி மொகல்லானனுக்குக் கொடுக்கப் போகிறான். கேட்டபோது தாதுசேனன் கலாவெவக் குளத்துக்குக் கூட்டிப்போய், தண்ணீரை அள்ளி, இதுதான் என் செல்வம் என்கிறான். அதோடு அவனைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள்.

சூழ்ச்சியின் பொறி எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள். மிகாரனுக்கு வேண்டியது பழி. அதை அவன் ஒருதரமும் கேட்கவில்லை. காசியப்பனுக்கு ஏற்கெனவே இருந்த இரண்டு பயங்களை, காசு இல்லை என்ற பயத்தையும் தம்பி வந்துவிடுவான் என்ற பயத்தையும், ஒரு வாக்கியத்தில் கட்டிக் கொடுத்தான். கட்டளை பிறந்தது அரசன் வாயிலிருந்து.

இனி இதற்குப் பிறகு வருவது, நாவல்காரர் பெரும்பாலும் விட்டுவிடுகிற பகுதி. காசியப்பன் புண்ணியம் செய்யத் தொடங்குகிறான். தோட்டங்கள் வைக்கிறான், தானம் கொடுக்கிறான், விரதம் இருக்கிறான், விகாரையைத் திருத்திக் கட்டித் தேரவாதப் பிக்குகளுக்குக் கொடுக்கப் போகிறான். தகப்பனைக் கொன்றவன் தந்ததை வாங்கினார்கள் என்று சனம் சொல்லுமே என்று பிக்குகள் மறுக்கிறார்கள். உடனே அவன் அதைப் புத்தர் சிலைக்கு என்று எழுதிவிடுகிறான். இது எங்கள் ஆசானுடைய சொத்து என்று பிக்குகளும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரே ஏற்பாட்டில் இரு தரப்பும் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இதில் யார் பாசாங்குக்காரர்? காசியப்பனின் பயம் மெய், மறுமையை எண்ணி அவன் நடுங்கியது மெய். அந்த நடுக்கத்தோடுதான் 18 வருடம் ஆண்டான்.

மிகாரனும் சும்மா இருக்கவில்லை. தன் பெயரில் ஒரு பிரிவேனா (பிக்குகள் தங்கிப் படிக்கும் இடம்), புத்தருக்கு ஒரு சிலைமனை. அந்தச் சிலைக்குப் பெரிய அபிசேக விழாக் கேட்டான், கிடைக்கவில்லை. உரிய அரசர் ஆளும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனதில் வைத்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம். தன் கையால் ஏற்றிவிட்ட அரசனை உள்ளுக்குள் அவனே உரிய அரசனாக எண்ணவில்லை! சிலைக்கு விழா எடுக்கும் ஆசையின் மடிப்புக்குள் அடுத்த துரோகத்தின் விதை கிடக்கிறது. இந்த ஒரு வரிக்குத் தூணும் வேண்டாம் சிரிப்பும் வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகர் | 6 மார்ச்

மிகாரன் பகுதியைத் தேடி வாசித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தனிமொழி இவ்வளவு பலவீனம் என்றால் பெரிய எழுத்தாளர்கள் எல்லாரும் ஏன் அதைப் பாவித்தார்கள்?

எழுத்தாணி | 6 மார்ச்

இரண்டு காரணம். ஒன்று மேடை. கூத்திலும் சபா நாடகத்திலும் வில்லன் சபையைப் பார்த்துத் தன் எண்ணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், கடைசி வரிசைக்கு முகபாவம் தெரியாது. அந்தப் பழக்கம் அப்படியே நாவலுக்கு வந்தது. மற்றது வாரப் பத்திரிகை. பொன்னியின் செல்வன் கல்கி இதழில் 1950 இல் தொடங்கி 1954 வரை ஓடியது. ஒரு கிழமை இடைவெளிக்குப் பிறகு வாசிக்கிறவருக்கு, யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று நினைவூட்டாவிட்டால் நூல் அறுந்துவிடும். தனிமொழியும் ஒட்டுக்கேட்பும் அந்தத் தேவைக்குப் பிறந்தவை. தொடராக வந்த கதைக்கு அவை சரியான கருவிகள். இன்று ஒரே புத்தகமாக எழுதுகிறவர் அந்தத் தேவை இல்லாமலே அதைப் பிரதி பண்ணுகிறார், எனக்கு அதுதான் வருத்தம்.

அதே நாவலில் வேறொரு நல்ல கருவி இருக்கிறது, அதைப் படியுங்கள்: பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி கொடுக்கும் பனை இலச்சினை மோதிரம். அதைக் காட்டி வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டைக்குள் போகிறான். பழுவூரின் அதிகாரம் யார் கையில் உண்மையில் இருக்கிறது என்பதை ஒரு மோதிரம் சொல்லிவிட்டது. பெரிய பழுவேட்டரையருக்குத் தெரியாத செய்தி, காவலாளி கையில் பொருளாக இருக்கிறது.

எழுத்தாணி | 7 மார்ச்

மோதிரத்திலிருந்து ஓலைக்கு. போலிக் கடிதம் இல்லாத சரித்திர நாவல் அபூர்வம், அதில்தான் பிழையும் அதிகம். காகிதத்தில் செய்கிற மோசடியை அப்படியே ஓலைக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

ஓலையில் எழுத்து மையால் போடப்படுவதில்லை. எழுத்தாணியால் கீறப்படுகிறது. கீறியதை அழிக்க முடியாது. ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானால் அந்த ஓலை முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். புதிய ஓலை பழையதோடு நீளத்தில், அகலத்தில், துளை இருக்கும் இடத்தில் ஒத்து வர வேண்டும். நிறமும் காட்டிக் கொடுக்கும்: பழைய கட்டுக்குள் ஒரு புது ஓலை வெளிறித் தெரியும். கையெழுத்தைப் போலச் செய்கிறவன் எழுத்தின் வடிவத்தை மட்டுமல்ல, கீறலின் ஆழத்தையும் போலச் செய்ய வேண்டும். பாரமான கைக்காரரின் ஓலை பின்பக்கம் தடம் காட்டும்.

வில்லனுக்கு உதவுகிறவையும் உண்டு. கீறிய பிறகு கரியும் எண்ணெயும் தேய்த்துத் துடைத்தால்தான் எழுத்து கறுத்துத் தெரியும். தேய்க்காத ஓலை தூரத்துக்கு வெறும் ஓலை. அடுத்தது, பழைய தமிழ் ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படாது. ஒரே வரியை இரு விதமாக வாசிக்க இடம் உண்டு. ஓலையைப் பொய்யாக்கத் தேவையில்லை, வாசித்துக் காட்டுகிறவரை வாங்கினால் போதும். சபையில் ஓலை வாசிக்கிற அதிகாரி எங்கே இழுத்தார், எங்கே குறுக்கினார் என்பதில் ஒரு முழு அத்தியாயம் கட்டலாம். இது இன்னும் யாரும் வடிவாகத் தொடாத இடம் என்பது என் அபிப்பிராயம்.

எழுத்தாணி | 10 மார்ச்

இனி உங்கள் நாவலுக்கே வருவோம். 1815 இல் துரோகம் பச்சையாக நடந்தது என்றீர்கள். அங்கே பச்சையாக நடந்தது ஒன்றுமே இல்லை. எஹெலபொலவில் தொடங்கினால் பாதி போய்விடும். 1798 இல் தொடங்குங்கள்.

கண்டி அரசன் ராஜாதி ராஜசிங்கன் இறந்ததும் முதலாம் அதிகாரம் (தலைமை அமைச்சர்) பிலிமத்தலாவை 18 வயதுக் கண்ணசாமியை அரசனாக்குகிறார். அவர்தான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அடுத்த வருடமே பிலிமத்தலாவை அவிசாவளையில் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த்தைச் சந்தித்து, தான் ஏற்றிய அரசனை இறக்க உதவி கேட்கிறார். நோர்த் கொலைக்கு உடன்பட மாட்டேன் என்கிறார், ஆனால் கதவையும் மூடவில்லை. தொடர்ந்து பேசுகிறார். ஒருவரின் துரோகம் வெளியே தெரிகிறது, மற்றவர் அந்தத் துரோகத்தைக் கண்டித்தபடியே அதைப் பயன்படுத்தப் பார்க்கிறார். இருவரில் எவரைத் தொடர்ந்து எழுதுவது கடினம் என்று கேட்டால் நோர்த்தைத்தான் சொல்வேன்.

போருக்குக் காரணம் எதுவென்று பாருங்கள்: பாக்கு. 1802 இல் பிரித்தானியக் குடிகளான புத்தளம் வணிகர்களின் பாக்கைக் கண்டியார் பறித்தார்கள். நட்டஈடு கேட்டு இழுபட்டு 1803 இல் பிரித்தானியப் படை ஏறியது. வந்தபோது கண்டி நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. சிங்காசனத்துக்கு உரிமை கோரிய முத்துசாமியை அரசனாக்கிவிட்டுப் பிலிமத்தலாவையோடு உடன்பாடு பேசினார்கள். அந்தக் காலம் முழுக்க அவர் இணக்கமாகவே இருந்தார், மழையும் காய்ச்சலும் படையைத் தின்றுகொண்டிருந்தது. 24 யூனில் கண்டியார் பாய்ந்தார்கள். பிரித்தானியப் படைத் தலைவர் மேஜர் டேவி சரணடைந்தார், வட்டபுலுவவில் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றார், முத்துசாமியை ஒப்படைத்தார், பிறகு படையினர் கொல்லப்பட்டார்கள். பிலிமத்தலாவையின் வஞ்சகத்தில் நஞ்சோ கத்தியோ இல்லை, காத்திருத்தல்தான் இருந்தது. காய்ச்சல் வேலை செய்யும்வரை பேச்சை இழுத்தார். நாவலில் இதைக் காட்ட மழை நாட்களையும் ஆஸ்பத்திரிக் கட்டில்களையும் எண்ணிக்கொண்டு வர வேண்டும். உடன்பாட்டுப் பேச்சு ஒரு பக்கம், நோயாளர் எண்ணிக்கை மறுபக்கம் என்று மாறிமாறி வந்தால் ஆளின் எண்ணம் வாசகருக்குத் தானாக விளங்கும்.

1811 இல் அவரும் அரசனால் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு எஹெலபொல வந்தார்.

எழுத்தாணி | 10 மார்ச், பின்னிரவு

எஹெலபொலவைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் அடைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 1814 இல் அவர் சப்ரகமுவவில் கிளர்ந்து தோற்றுக் கொழும்புக்கு ஓடி வருகிறார். அவர் மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் கொல்லப்படுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் நெஞ்சில் பழி எவ்வளவு, சிங்காசன ஆசை எவ்வளவு என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. மேலே சொன்ன பாதி நம்பிக்கை இங்கேதான் பொருந்துகிறது. அந்தத் துக்கம் மெய்யானது, அதே துக்கம்தான் அவருக்கு அரசியல் மூலதனமாகவும் இருந்தது.

உங்கள் கதையில் மெய்யான முகமூடிக்காரர் பிரித்தானிய அதிகாரி ஜோன் டொயிலி. கரதொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் படித்தவர். கண்டிக்குள் நடப்பதை பிக்குகள், வணிகர், தூதர் வழியாக நாள்தோறும் அறிந்து எழுதி வைத்தார். 1810 முதல் 1815 வரையான அந்த நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது, எழுதத் தொடங்குமுன் வாசியுங்கள். குரூரம் அதில் இல்லை. மரியாதை, பொறுமை, பரிசு, பதில் ஓலை, யார் எந்த வழியால் வந்தான், என்ன சொன்னான். அவரைச் சதிகாரன் முகத்தோடு வரைந்தால் முழுவதும் பாழ். அவர் கண்டியாரின் பண்பாட்டை மெய்யாகவே மதித்தார், அந்த மதிப்பின் வழியாகவே நாட்டைத் திறந்தார்.

பாசாங்கின் உச்சம் ஒரு ஆவணத்தில் இருக்கிறது. 1815 மார்ச் 2 ஆம் திகதி உடன்படிக்கை. அரசன் 18 பெப்ரவரியிலேயே பிடிபட்டாயிற்று. உடன்படிக்கை அரசனின் கொடுமையைச் சொல்லி அவன் உரிமை இழந்தான் என்கிறது, அவன் உறவினரை நாட்டுக்குள் வராமல் விலக்குகிறது. 5 ஆம் பிரிவு புத்த சமயத்தை மீறப்படாதது என்று அறிவித்துக் காப்பதாக உறுதி சொல்கிறது. பிரதானிகள் கையெழுத்து வைக்கிறார்கள், அதில் சிலர் வைத்தது தமிழ் எழுத்தில். மக்களை மீட்க வந்ததாகச் சொல்லும் அந்தத் தாளில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. பிரித்தானியருக்கு எதிரான 1818 கிளர்ச்சிக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பர் 21 பிரகடனம் பிரதானிகளின் சலுகைகளை வெட்டியது. உங்கள் வில்லனை ஒரு ஆளாகத் தேட வேண்டாம். உடன்படிக்கை வாசிக்கப்படும் காட்சியில், ஒவ்வொரு பிரிவும் யார் முகத்தில் என்ன நம்பிக்கையை ஏற்றுகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

எஹெலபொலவுக்குக் கிடைத்தது பிரித்தானிய அரசின் நண்பன் என்ற பட்டம். அவர் கேட்ட சிங்காசனம் இங்கிலாந்தின் வின்ட்சருக்குப் போய் 1934 இல் திரும்பி வந்தது, கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஒல்லாந்தர் 1693 இல் அன்பளிப்பாகக் கொடுத்தது அது. போய் ஒருதரம் பாருங்கள். அளவு, சிங்கக் கைப்பிடி, தங்கத் தகடு எல்லாம் காட்சிக்கு உதவும்.

தெகிவளை வாசகி | 11 மார்ச்

கொழும்புக் கோட்டையில் இருக்கிற அந்தச் சின்னச் சிறைக்கூட்டில்தானே ராஜாவை அடைத்தார்கள்? அதையும் ஒரு காட்சியாக வைக்கலாமே.

எழுத்தாணி | 11 மார்ச்

அக்கா, அந்தக் கூட்டை அரசனின் சிறை என்று காட்டுகிறார்கள், ஆனால் அவரைக் கோட்டைக்குள் ஒரு வீட்டில் வசதியோடுதான் வைத்திருந்தார்கள் என்று வரலாற்றாளர் மறுக்கிறார்கள். நாவலுக்கும் வீடுதான் பலம். உரிமை பறித்தவர்கள் வீடும் மரியாதையும் கொடுத்து, 1816 சனவரி 24 இல் கோர்ன்வாலிஸ் கப்பலில் ஏற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். 1832 இல் அங்கேயே இறந்தார். கூட்டில் அடைத்தால் கொடுமை, எல்லாருக்கும் விளங்கும். வீட்டில் வைத்து வணங்கி அனுப்புவது எங்கள் இழையின் விசயம்.

எழுத்தாணி | 14 மார்ச்

காக்கை வன்னியன் பற்றிச் சுருக்கமாக. யாழ்ப்பாண வைபவமாலையில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பறங்கியரிடம் (போர்த்துக்கேயரிடம்) பிடித்துக் கொடுத்தவனாக வருகிறான். சங்கிலியின் ஆட்சி 1619 இல் முடிந்தது. வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் கதையிலும் அதே பெயரில் துரோகி வருகிறான். பிரித்தானியப் படையின் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைக் கற்சிலைமடுவில் தோற்கடித்தது 1803 ஒக்டோபர் 31. இரண்டுக்கும் நடுவில் 184 வருடம். ஒரே பெயர் இரு காலத்திலும் அதே வேலையைச் செய்கிறது என்றால், நாம் பார்ப்பது ஒரு மனிதனை இல்லை, நாடக மேடை துரோகிக்கென்று எடுத்து வைத்திருக்கும் ஒரு வேடத்தை. அப்படிப்பட்டவனுக்கு உள்மனம் இருக்காது, நாவலாசிரியர்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் பெயரை மட்டும் பாவித்தால் வாசகர் முதல் வரியிலேயே எல்லாவற்றையும் அறிந்துவிடுவார். உங்கள் முதல் வாதம் பிறந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 1803 இல் மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை வந்தது. காட்டிக் கொடுக்க ஒருவன் இல்லாமலே தோல்விக்குப் போதிய காரணம் இருக்கிறது.

எழுத்தாணி | 14 மார்ச், மாலை

மேலே எழுதியதற்கு ஒரு எல்லையும் போட வேண்டும். வில்லன் எப்போதும் மென்மையானவன், பாதி நம்புகிறவன் என்று ஒரு சூத்திரம் ஆக்கிவிட்டால் அதுவும் அலுக்கும். சில வஞ்சகம் தட்டையானது, அலுவலக வேலை போல நடப்பது.

உடையார்குடிக் கல்வெட்டு அப்படி. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்பவர்களில் சகோதரர் மூவர் சோமன், ரவிதாசன், பரமேசுவரன். ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும் பரமேசுவரனுக்கு இருமுடிசோழ பிரமாதிராசன் என்றும் பட்டம். காட்டில் மண்டையோட்டைச் சுற்றி ஆடுகிறவர்கள் இல்லை, அரசாங்கப் பட்டம் பெற்ற அதிகாரிகள். இவர்களுடைய, இவர்கள் உறவினருடைய நிலத்தைப் பறித்த ஆணை ராசராசனின் 2 ஆம் ஆட்சியாண்டில் பதிவாகிறது. அதற்கு முன் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் போய்விட்டது. இவ்வளவு காலம் என்ன கோவையில், யார் மேசையில் அந்த விவகாரம் கிடந்தது என்பதே ஒரு நாவல்.

கொழும்புக்குக் கிட்டவே இன்னொன்று. 1551 இல் களனியில் கோட்டே அரசன் ஏழாம் புவனேகபாகு ஒரு போர்த்துக்கேயனின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். புறாவைச் சுட்டது தவறிப் பட்டுவிட்டது என்றார்கள். பிறகு பேரன் தர்மபாலனுக்குத் துணையாக என்று கோட்டேக்கு வந்த போர்த்துக்கேய வைசிராய் நொரொன்யா அரண்மனையைக் கொள்ளையடித்தார், புதையல் கேட்டு ஆட்களை வதைத்தார். புறா என்ற காரணம் எவ்வளவு சின்னது! சின்னதாக இருப்பதால்தான் மறுக்க முடியவில்லை. பொய் சோடிக்கும்போது எழுத்தாளர்கள் பெரிய காரணம் தேடுவார்கள். பெரிய காரணத்துக்குச் சாட்சி வேண்டும்.

வெள்ளவத்தை வாசகர் | 17 மார்ச்

எழுதி வைத்திருந்த 4 அத்தியாயத்தையும் கிழித்துவிட்டு 1802 பாக்குச் சம்பவத்தில் தொடங்கியிருக்கிறேன். டொயிலிக்குத் தனிமொழி இல்லை. ஒரு கேள்வி மட்டும்: முடிவில் பாசாங்குக்காரர் வெளிப்பட்டு, ஒப்புக்கொண்டு, தண்டனை பெறாவிட்டால் வாசகர் ஏமாற்றம் அடைய மாட்டாரா?

எழுத்தாணி | 17 மார்ச், இரவு

ஒப்புதல் காட்சி வேண்டாம். இவ்வளவு காலம் தன்னிடமே ஒப்புக்கொள்ளாதவர் சபையில் ஒப்புக்கொள்வது தூணுக்குப் பின்னால் கதைப்பதன் மறுபக்கம்தான். அரசரைக் குத்திய முத்தநாதன் கூட ஒன்றும் சொல்லாமல்தான் போகிறான். அவனை வெட்ட வந்த தத்தனை அரசர் இவர் நம்மவர் என்று தடுத்து, ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். வழி முழுக்கச் சனம் மறிக்கிறது, அரசர் ஆணை என்று தத்தன் விலக்கிக்கொண்டு போகிறான். கொன்றவனுக்குக் காவலாக நடக்க வேண்டிய தத்தனின் நிலைதான் அங்கே நம்மை வாட்டுவது.

உங்கள் கதைக்கு முடிவு ஏற்கெனவே இருக்கிறது. எஹெலபொல 1818 இல் சந்தேகத்தில் கைதானார், கொழும்பில் வைக்கப்பட்டார், 1825 இல் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டார், 1829 இல் அங்கே இறந்தார். டொயிலி 1824 இல் கண்டியிலேயே பதவியில் இருந்தபடி இறந்தார். இருவரும் இறந்த இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடித்துப் பாருங்கள். கிழித்த அத்தியாயங்களில் பாக்கு வணிகர் யாராவது இருந்தால் அவரை மட்டும் எறிய வேண்டாம். புத்தளத்து முஸ்லிம் வணிகர் ஒருவர், நட்டஈடு கேட்டு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பாக்குக்காக ஒரு போர் தொடங்கியதைச் செய்தியாகக் கேட்கிறார். தத்தன் இடத்தில் அவரை நிறுத்தலாம்.